கோபாலும் நார்வேக்காரர்களும்

சென்ற மாதம் என் அக்கா மகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலை. ஓய்வு பெற்ற கையோடு புதுச்சேரிக்கு என்னைப் பார்க்க வந்தவன், "மாமா, அந்த பிஸ்கட் டின் இருக்கா?" என்று கேட்டான். பரணில் ஏறி எடுத்தும் விட்டான். உள்ளே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்த முப்பது நாற்பது அட்டைகள். முன்பக்கம் மணமகன், மணமகள், முகூர்த்த நேரம். பின்பக்கம் அவன் கையெழுத்து. அந்த அட்டைகளின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். கதை நார்வே நாட்டில் தொடங்குகிறது, பொறுமையாகப் படியுங்கள்.

அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1987 வாக்கில், "என்னப்பா வேலை?" என்று கேட்டால் "கோபால் மாமா" என்பான். கூட வேலை செய்யும் யாரோ கோபால் என்று நான் வெகு நாள் நினைத்திருந்தேன். அது கோபால் இல்லை, கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழி. வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் போன்றவற்றுக்கு ஏற்றது என்று பின்னால்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அது இன்று வரை கோபால்தான்.

பதினைந்து வருஷம் கோபாலோடு நன்றாகவே குடும்பம் நடத்தினான். 2000 பிறக்கும்போது தேதிக் கோளாறு வருமென்று உலகமே பயந்ததல்லவா, அப்போது ராத்திரி பகலாக வேலை, நல்ல பெயர். அது முடிந்ததும் பெரியவர்கள் கூப்பிட்டு, இனி கோபால் வேலை குறையும், ஆறு மாதத்தில் ஜாவா கற்றுக்கொள், இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இருக்குமென்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வயது முப்பத்தேழு, வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். 2002 கோடையில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஒரு தடிமனான புத்தகத்தோடு இங்கே வந்து உட்கார்ந்தான். மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு, "மாமா, காலேஜ் பசங்க ரெண்டு வாரத்துல கத்துக்கறாங்க. எனக்கு ஏறவே மாட்டேங்குது" என்றான். குரல் கம்மியிருந்தது.

ஏன் ஏறவில்லை என்பதற்கான காரணத்தை நான் ஓய்வு பெற்ற பிறகு, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கிடைத்ததைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். 'பொருள் நோக்கு நிரலாக்கம்' என்று தமிழில் சொல்கிறார்கள். நம் மொழியில் பொருள் என்றால் அர்த்தமும் உண்டு, பணமும் உண்டு, சாமானும் உண்டு. இங்கே சாமான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இது பிறந்தது அமெரிக்காவில் இல்லை, ஓஸ்லோவில். கிரிஸ்டன் நைகார்ட், ஓலே-யோஹான் டால் என்ற இரண்டு பேர். இருவரும் முதலில் நார்வே ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார்கள். நைகார்டுக்கு அங்கே அணு உலை சம்பந்தமான கணக்குகள், பிறகு நடைமுறை ஆய்வு. அதாவது, இத்தனை வண்டி வந்தால் வரிசை எவ்வளவு நீளும், எத்தனை ஆள் போட்டால் வேலை தேங்காது என்கிற மாதிரியான கேள்விகள். 1960-ல் அவர் நார்வே கணினி மையத்துக்குப் போனார். டால் 1963-ல் அங்கே வந்து சேர்ந்தார். அதே வருஷம் அந்த மையத்துக்கு யூனிவாக் 1107 என்ற பெரிய இயந்திரம் நல்ல தள்ளுபடியில் கிடைத்தது. பதிலுக்கு இவர்கள் தங்கள் புது மொழியை அந்த இயந்திரத்துக்குச் செய்து தர வேண்டும். அதுதான் சிமுலா.

அதுவரை புரோகிராம் என்றால் என்ன? கோபாலையே எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு பிரிவுகள். தகவலை விவரிப்பது ஒரு பிரிவு, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்வது இன்னொரு பிரிவு. ஆபீஸ் பாஷையில் சொன்னால், கோப்புகள் எல்லாம் ரிக்கார்டு ரூமில், வேலை செய்கிறவர் செக்ஷனில். அவர் ஒருவரே ரிக்கார்டு ரூமுக்குப் போய் எடுத்து, பிரித்து, கூட்டி, திருத்தி, திரும்ப வைப்பார். கோப்புக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது.

நைகார்டும் டாலும் முதலில் நினைத்ததும் ஏறக்குறைய அப்படித்தான். நிலையங்கள் வேலை செய்யும், வாடிக்கையாளர்கள் சும்மா ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருப்பார்கள். 1964-ல் இந்த எண்ணம் மாறியது. வாடிக்கையாளரும் தன் வேலையைத் தானே செய்கிறவராக இருக்கலாமே, நிலையம் மட்டும் ஏன் உயிரோடு இருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வடிவில்தான் முதல் சிமுலா வெளிவந்தது.

இரண்டாவது திருப்பம் 1966 கடைசியில். அந்த வருஷம் பிரான்சில், கிரனோபிள் பக்கத்து மலை ஊரான வில்லார்-தெ-லான்ஸில் ஒரு கோடைப் பள்ளி நடந்தது. அங்கே இங்கிலாந்துக்காரரான டோனி ஹோர், தகவல் பதிவுகளை வகை வகையாகப் பிரிப்பது பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு இந்த இருவர் மனதிலும் ஊறிக்கொண்டிருந்தது. பிறகு சுங்கம் வசூலிக்கும் ஒரு பாலத்தைக் கணக்குப் போடும்போது பிடி கிடைத்தது. வரிசையில் லாரியும் நிற்கிறது, பஸ்ஸும் நிற்கிறது. இரண்டையும் தனித்தனியாக விவரித்தால் பாதி விவரம் திரும்பத் திரும்ப வருகிறது. வண்டி என்ற பொதுவான ஒன்றை ஒருமுறை எழுதிவிட்டு, அதன் மேல் லாரிக்கு உரியதை லாரியிலும் பஸ்ஸுக்கு உரியதை பஸ்ஸிலும் சேர்த்தால் போதும். வரிசைக்கோ வந்து நிற்பது வண்டி என்று தெரிந்தால் போதும். இன்று உலகம் முழுக்க 'கிளாஸ்', அதன் கீழ் 'சப்கிளாஸ்' என்று பிள்ளைகள் படிப்பதெல்லாம் இதுதான். 1967 மே மாதம் ஓஸ்லோவை ஒட்டிய லீசபூ என்ற இடத்தில் நடந்த மாநாட்டில் இதை வெளியிட்டார்கள்.

அந்த நாட்களைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், மாடியில் கரும்பலகை முன்னால் இரண்டு பேர் பயங்கரமாகச் சண்டை போடுகிறார்கள் என்று டெலிபோன் ஆபரேட்டரிடம் ஓடி வந்தாராம். அந்த அம்மாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லை, டாலும் நைகார்டும் சிமுலா பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றாராம். எனக்கு இதைப் படித்ததும் எங்கள் பட்ஜெட் செக்ஷன் நினைவு வந்தது. ஆனால் எங்கள் சண்டையிலிருந்து ஒன்றும் பிறக்கவில்லை.

சிமுலாவிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. முதல் கிளை ஆலன் கே. அவர் கணக்கோடு உயிரியலும் படித்தவர். 1966-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், அல்கால் மொழி என்று சொல்லி ஒரு கட்டைக் கொடுத்து ஓட வைக்கச் சொன்னார்கள். உண்மையில் அது சிமுலா. புரோகிராம் அச்சடித்த காகிதத்தை நடைக்கூடம் நீளத்துக்குத் தரையில் விரித்துப் போட்டு, மண்டியிட்டுத் தவழ்ந்து படித்தார்களாம். உடம்பின் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி வாழ்வது போல், புரோகிராமும் சின்னச் சின்ன உயிர்களாக இருந்து ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பெர்க் ஆகியோரோடு சேர்ந்து 1972 முதல் ஸ்மால்டாக் என்ற மொழியை வளர்த்தார். அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதில் படம் வரையும் புரோகிராம் எழுதினார்கள்.

இன்னொரு கிளை பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப், டென்மார்க்காரர். கேம்பிரிட்ஜில் சிமுலாவில் எழுதினார். எழுத இனித்தது, ஓட்டினால் நத்தை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் வேறொரு மொழியில் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்த வலியோடு 1979-ல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர், ஏற்கெனவே எல்லோரும் பழகியிருந்த சி மொழி மேலேயே கிளாஸைக் கட்டினார். 1983-ல் அதற்கு சி பிளஸ் பிளஸ் என்று பெயர், 1985-ல் விற்பனைக்கு வந்தது. தெரிந்ததைத் தூக்கி எறியாமல் படிப்படியாக ஏறி வரலாம் என்பதால் அனுபவக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். சிக்கலும் அதில்தான். பல பேர் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். புது மொழியில் பழைய புரோகிராமையே எழுதினார்கள். என் மருமகன் பாஷையில், 'ஜாவா சட்டை போட்ட கோபால்'.

இதைச் சரியாகக் கண்டுகொண்டவர்கள் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரண்டு அமெரிக்கர்கள். டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஸ்மால்டாக்கோடு பழகியவர்கள். 1989-ல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் சில பக்கங்களே உள்ள ஒரு கட்டுரை கொடுத்தார்கள். புதியவர்களை விட அனுபவசாலிகளுக்குக் கற்றுத் தருவதில் உள்ள இடைஞ்சல் அதில் நன்றாகப் புரிகிறது. பழைய முறையில் எழுதுகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எது முதலில், எது அடுத்து, யார் எப்போது என்று முழு ஓட்டமும் தன் கையில். புது முறையில் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் தனக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு தன் வேலையைச் செய்யும் என்று நம்ப வேண்டும். பத்து பதினைந்து வருஷம் எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்தவனுக்கு அது எளிதா?

அவர்கள் சொன்ன மருந்து கம்ப்யூட்டரே இல்லை. நாலுக்கு ஆறு அங்குலத்தில் வெறும் அட்டை. மேலே பொருளின் பெயர், அதன் கீழே இடது பக்கம் அதன் பொறுப்புகள், வலது பக்கம் அது யாரை உதவிக்குக் கூப்பிடும் என்ற பட்டியல். அட்டைகளை மேஜையில் பரப்பி, ஒரு நிகழ்ச்சியை நடித்துப் பார்க்க வேண்டும். அட்டையைக் கையில் தூக்கியதும் நீங்கள்தான் அந்தப் பொருள். பொறுப்பு அட்டையில் இடம் கொள்ளாமல் வழிந்தால், வேலையை ஒருவர் தலையிலேயே கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். பெரிய பெரிய ஆட்கள் கையில் அட்டையை ஆட்டிக்கொண்டு 'நான்தான் கணக்கு' என்று பேசிய காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகிறது.

மருமகன் கொண்டு வந்த பயிற்சித் தாள்களிலும் இந்த அட்டை விஷயம் ஒரு ஓரத்தில் இருந்தது. "சின்னப் பிள்ளை விளையாட்டு மாமா, விட்டுட்டேன்" என்றான். எனக்கு அட்டை என்றால் ஆசை, முப்பது வருஷம் அட்டையோடும் பேரேட்டோடும் வாழ்ந்தவன். வீட்டில் நாலு வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இருந்தன. கத்தரிக்கோலை எடுத்து வெட்டிப் போட்டு, "உன் கம்பெனி வேலை எனக்குப் புரியாது. பென்ஷனை வச்சு போடுடா மாப்ளே, அது எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் முதலில் எழுதிய அட்டை, 'பென்ஷன் மேலாளர்'. அதில் பன்னிரண்டு பொறுப்புகள். பணிப் பதிவேட்டைத் திற, வருஷத்தைக் கூட்டு, இடைவெளியைக் கழி, எந்த வகை பென்ஷன் என்று பார், சாதாரணம் என்றால் இப்படி, குடும்ப பென்ஷன் என்றால் அப்படி, தியாகி பென்ஷன் என்றால் வேறு மாதிரி. மற்ற அட்டைகளில் ஒரு வரிகூட இல்லை. பணிப் பதிவேடு வாயில்லாப் பூச்சி.

எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கோப்பும் தன் மேஜைக்கு வந்துதான் போக வேண்டும் என்று நினைக்கும் கண்காணிப்பாளர். அவர் லீவு போட்டால் ஆபீஸ் நின்றுவிடும். "இவருக்கு டிரான்ஸ்ஃபர் போடு" என்றேன். "அப்ப வேலையை யாரு மாமா பாக்கறது?" "வருஷக் கணக்கு பணிப் பதிவேட்டுக்குள்ளதானே இருக்கு? அதையே கேளேன், உன் கணக்கு எத்தனை வருஷம்னு. அது கூட்டிச் சொல்லட்டும். அது எப்படிக் கூட்டினா உனக்கென்ன?"

வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மேலாளர் அட்டையைக் கிழித்தான். சாதாரண பென்ஷன், குடும்ப பென்ஷன், தியாகி பென்ஷன் மூன்றும் மூன்று அட்டை ஆயின. இந்த மாதம் எவ்வளவு என்ற ஒரே கேள்விதான்; அவரவர் விதிப்படி அவரவர் பதில் சொல்வார்கள். நாளைக்கு சர்க்கார் நான்காவதாக ஒரு பென்ஷன் கொண்டு வந்தால் ஒரு அட்டை கூடும், பழையதைத் தொட வேண்டாம். லாரி, பஸ், வண்டி கதை இதுவேதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவனும் நானும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அட்டையைத் தூக்கித் தூக்கிப் பேசியதைப் பார்த்து என் மனைவி, "மாமனும் மருமகனும் சீட்டாடறீங்களா?" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

அவன் பயத்தை நான் சிரித்துத் தள்ளாததற்குக் காரணம் என் அப்பா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் எத்தா சிவிலில், அதாவது பிறப்பு இறப்புப் பதிவில், குமாஸ்தா. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபோது அவருக்கு நாற்பது வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பிரெஞ்சில் எப்பேர்ப்பட்ட கடிதத்தையும் எழுதுவார். பிறகு மெல்ல மெல்லக் கோப்பெல்லாம் ஆங்கிலத்தில் என்றாயிற்று. பிரெஞ்சு அலுவல் கடிதம் 'தங்களுக்குத் தெரிவிப்பதில் பெருமை கொள்கிறேன்' என்றுதான் தொடங்கும். அவர் அதை அப்படியே ஆங்கிலமாக்கி எழுதுவார். மேலே இருந்தவர் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவார். ஆங்கில வார்த்தைகளை அவர் சீக்கிரமே கற்றுக்கொண்டார். தலைக்குள் ஓடிய பிரெஞ்சு வாக்கியம்தான் நிற்கவில்லை. நானும் பிரெஞ்சில் படித்தவன்தான், ஆனால் இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்ததால் எனக்கு மறக்க வேண்டியது குறைவு.

பிரெஞ்சு என்றதும், பெர்த்ரான் மெயெர் என்ற பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் விட மனமில்லை. தன் மொழிக்கு எஃபெல் என்று பெயர் வைத்தவர், கோபுரம் கட்டியவர் நினைவாக. 1988-ல் அவர் எழுதிய தடித்த புத்தகத்தின் சாரம், பொருளும் பொருளும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது. நீ இன்னது தந்தால் நான் இன்னது தருவேன் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தேர் முன்னால் பத்திரம் எழுதிய ஊரில் பிறந்த நமக்கு இது உடனே புரியும். 1996 ஜூன் 4-ல் ஏரியன் 5 ராக்கெட் பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பி, ஒரு நிமிஷம்கூட ஆகாமல் வெடித்தது. ஏரியன் 4-க்கு எழுதிய ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகம் அதிகம், அந்த எண் 32,767-க்கு மேல் கொள்ளாத இடத்தில் கொள்ளவில்லை. அந்தப் பகுதி எழுதப்பட்டது அடா மொழியில், பொருள் நோக்கு முறை மேல் பழி இல்லை. ஆனால் எழுதியதைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதுதானே இந்த முறையை விற்றவர்கள் எல்லோரும் சொன்ன பெரிய லாபம். எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பதை அதன் மேலேயே எழுதி வைத்திருக்க வேண்டும் என்று மெயெர் மறு வருஷமே கட்டுரை எழுதினார்.

கடைசியாக நைகார்டுக்குத் திரும்புகிறேன், எனக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கும். சிமுலாவை வைத்துத் தொழிற்சாலை வேலைகளைத் திட்டமிடத் தொடங்கியதும் அவருக்கு ஒரு உறுத்தல். வரிசையில் ஒரு பொருளாக எழுதிவிட்ட தொழிலாளிக்கு இதனால் என்ன ஆகும்? 1970-களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். புது இயந்திரம் வருவதற்கு முன் அதைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் பேசவும் தொழிலாளிக்கு உரிமை வேண்டும் என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம். ஆறு மாதக் கெடு வைத்த கம்பெனியில் என் மருமகனிடம் யார் என்ன கேட்டார்கள்?

2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது டாலுக்கும் நைகார்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது. 2002 ஜூன் 29-ல் டால் இறந்தார், ஆகஸ்ட் 10-ல் நைகார்ட். நாங்கள் பத்திரிகை அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்த அதே வருஷம்.

மருமகன் தேர்வில் தப்பித்தான், பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஜாவாவில் பத்து வருஷம் ஓடியது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒரு பழைய வாடிக்கையாளரின் கணக்கு இன்னும் கோபாலில் ஓடிக்கொண்டிருந்ததாம், அதைப் படிக்க ஆளே இல்லையென்று இவனைத் தேடி வந்தார்கள். கடைசி எட்டு வருஷம் அந்த வேலைதான். கோபாலுக்கே 2002-ல் கிளாஸ் எல்லாம் சேர்த்துவிட்டார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான்.

அட்டை டின்னைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனான். ஒரே ஒரு அட்டையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டான். முன்பக்கம் இருந்தது அவனுடைய தங்கை கல்யாணப் பத்திரிகையாம், "இதையா மாமா வெட்டினீங்க?" என்று கோபம்.